யோகராணி வீட்டுப் புகைபோக்கி

உறைபனி விழத் தொடங்கினால் ஊட்டியில் மாசிலாமணி சாமியின் குடிலுக்கு ஆட்கள் வருவார்கள். ஞானம் கேட்டு வருகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் புகைபோக்கியைச் சுத்தம் பண்ணக் கூப்பிடத்தான் வருவார்கள்.

குடிலில் இருந்தவர்களுக்கு அதுதான் தொண்டு. வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன பழைய வீடுகளில் அறைக்கு ஒரு கணப்படுப்பு இருக்கும். அதன் புகை சுவருக்குள்ளேயே ஏறிக் கூரைக்கு மேல் போகும். வருஷக்கணக்கில் கரி படிந்தும் குருவி கூடு கட்டியும் அந்த வழி அடைத்துக்கொள்ளும். விடியற்காலையில் தியானம் முடிந்ததும் சீடர்கள் ஏணியையும் கம்பி பிரஷையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஊரார் அந்த இடத்துக்குப் புகைமடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். சாமிக்கு அதில் வருத்தம் இல்லை.

புகைமடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புகைபோக்கியை யார் சுத்தம் செய்தாரோ, அவரே அங்கே முதல் தீயை மூட்ட வேண்டும். வீட்டுக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, விறகு எரிந்து தணியும்வரை உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் நல்லபடியாக எழுந்து வந்தால், அன்றுமுதல் அந்த வீட்டில் தீ மூட்டலாம். அதற்கு முன்னால் கூடாது.

பொன்னுரங்கம் என்ற சீடர் ஒரு வீட்டில் முதல் தீக்கு முன்னால் உட்கார்ந்து அப்படியே தூங்கிப்போனார். வீட்டுக்காரர்கள் பதறிப்போய்க் கதவை உடைக்கப் போனபோதுதான் உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது.

இன்னொரு சீடர் குலசேகரன் அந்த ரகம் இல்லை.

அவர் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். தீப்பிடித்த மில்லுக்கும் கடைக்கும் குடோனுக்கும் போய், நஷ்டம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது அவருடைய வேலையாக இருந்தது. எரிந்த பிறகே பார்த்துப் பழகிய மனிதர். எரியாமல் நிற்கிற வீட்டைப் பார்த்தாலும், எரிந்தபின் அது எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தோன்றும். சாமியைவிட வயதில் கொஞ்சம் மூத்தவர் வேறு. அதனால் சாமி அவரை ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார்.

மற்றவர்களோடு சில வீடுகளுக்குப் போய்க் கற்றுக்கொண்டார். தனியாக அவருக்குக் கிடைத்த முதல் வீடு யோகராணியினுடையது.

அது ஒரு பெரிய பங்களா. இப்போது அதைக் கூறுபோட்டுப் பல குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். யோகராணிக்கும் அவள் புருஷன் சிவநேசனுக்கும் கிடைத்தது ஒரே ஓர் அறை. சிவநேசனுக்குப் பேக்கரியில் வேலை. ஊர் விழிக்கும் முன்னால் கிளம்பிப் போய்விடுவான். அவளும் கைக்குழந்தையும் மட்டும் அந்த அறையில் இருப்பார்கள். உயரமான கூரை, ஈரச் சுவர், ஒரு மூலையில் கணப்படுப்பு. குழந்தை பிறந்து வருகிற முதல் குளிர்காலம் அது.

குலசேகரன் வேலையில் குறை வைக்கவில்லை. மைனாக் கூடு ஒன்றை எடுத்தார். அதில் குஞ்சு இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் எடுத்தார். சாக்குச் சாக்காகக் கரியைச் சுரண்டி இறக்கினார். பிறகு புகை வைத்துப் பார்த்தார். கூரைமேல் போய்ப் புகைபோக்கியின் வாயை ஈரச்சாக்கால் மூடிவிட்டு, கீழே பச்சை இலையைப் போட்டுக் கொளுத்துவது. மேலே போக வழி இல்லாத புகை, சுவரில் ஓட்டை இருந்தால் பக்கத்து வீட்டுக்குள் வந்துவிடும்.

பக்கத்துப் போர்ஷனில் ஆட்டோ ஓட்டும் ஃபாரூக் குடியிருந்தான். குலசேகரன் அவன் வீட்டுச் சுவரில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணும் வரலீங்க சார்," என்றான் ஃபாரூக்.

"வாசனை?"

"வாசனை வருதுங்க. எங்க வீட்டு மீன் குழம்பு."

குலசேகரன் சிரிக்கவில்லை. டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே புகைபோக்கி ஏறும் சுவரில் தலைமுடி மாதிரி ஒரு கீறல் தெரிந்தது. புகை அதன் வழியாக வரவில்லைதான். ஆனால் பார்த்த கண்ணை எப்படிப் பார்க்காததாக்குவது? சுண்ணாம்புக் கலவை குழைத்துப் பூசினார்.

பூச்சு காயும்வரை பனி இறங்கக் கூடாது என்று கூரைமேல் புகைபோக்கியின் வாயைத் தகரத்தால் மூடினார். குழந்தைமேல் கரி உதிரக் கூடாது என்று கீழே கணப்படுப்பின் வாயிலும் பலகையை வைத்து, ஓரமெல்லாம் சாக்கைத் திணித்து அடைத்தார். கிளம்பும்போது ஜன்னல் இடுக்கில் ஊதக்காற்று வருவதைக் கவனித்தார். அங்கேயும் கந்தல் துணியை மடித்துச் சொருகிக் கொடுத்தார். அதைச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மனசு நல்ல மனசு.

"நான் வந்து முதல் தீ மூட்டற வரைக்கும் நீங்க மூட்டக் கூடாதும்மா," என்றார்.

"சரிங்கய்யா."

அடுத்த முறை வந்தபோது பூச்சு காய்ந்திருந்தது. தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் சத்தம் வேறு மாதிரி கேட்டது. அல்லது கேட்டதாக நினைத்தார். இன்னொரு பூச்சுப் பூசினார்.

"இன்னைக்கு மூட்டிக்கலாங்களா ஐயா?" என்று கேட்டாள் யோகராணி. குழந்தையைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றி வைத்திருந்தாள்.

"இன்னும் காயலம்மா."

"ராத்திரியெல்லாம் பிள்ளைக்குக் கை கால் ஜில்லுன்னு போயிடுதுங்க."

"புரியுது. ஆனா அரைகுறையா விட முடியாது. சுவர் விட்டுப்போச்சுன்னா புகை ரூமுக்குள்ள வந்துடும். தூங்கிட்டு இருக்கிறவங்க எழுந்திருக்கவே மாட்டாங்க. நான் பார்த்திருக்கேன்."

அவள் முகம் வெளுத்துப்போனது. "ஐயையோ, வேண்டாங்க. நீங்க சொல்ற வரைக்கும் அந்த அடுப்புப் பக்கமே போக மாட்டேன்."

அந்தப் பதில் அவருக்குத் திருப்தியாக இருந்தது. சொன்னால் கேட்டுக்கொள்கிற பெண் என்று நினைத்துக்கொண்டு கூரைமேல் ஏறினார்.

அதற்கப்புறமும் வந்தார். வந்து பார்ப்பார், தட்டுவார், முகர்வார், தகரத்தைத் திரும்ப மூடிவிட்டுப் போவார். முதல் தீ மட்டும் மூட்டமாட்டார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டது. ஒரு செங்கல் நிறம் மாறியிருந்தது. ஒரு மூலையில் ஈரம் போலத் தெரிந்தது. ஒன்றுமே தெரியாத நாளில், தெரியாமல் இருப்பதே அவரைப் பயமுறுத்தியது.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னு சொல்வாங்க சார்," என்றான் ஃபாரூக். "நீங்க பாக்கிறதே இருட்டுக் குழாய். அதுல பேய் தெரியாம என்ன தெரியும்?"

"உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவே. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பதில் சொல்ல வேண்டியவன் நான்," என்றார் குலசேகரன்.

குடிலுக்குத் திரும்பினால் சோறு இறங்கவில்லை. தியானத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினால் அந்தக் கீறல் தெரிந்தது. கீறல் பெரிதாகும். அதிலிருந்து புகை வரும். அறையில் ஒரு குழந்தை அசையாமல் கிடக்கும். உடனே கண்ணைத் திறந்துவிடுவார்.

ஒருநாள் காலை தியானம் முடிந்ததும் அவர் சாமியைத் தேடிப் போனார். புல்லெல்லாம் பனி உறைந்து வெளுத்துக் கிடந்தது. சாமி கொல்லையில் சீகை விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"சாமி, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"பயத்தை எப்படி விடறது?"

"எந்தப் பயம்?"

"யோகராணி வீட்டுப் புகைபோக்கி."

சாமி ஒரு கட்டையை நிறுத்திவைத்தார். "கரி எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"புகை வெச்சுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். எங்கேயும் கசியலை."

"கீறல்னு சொன்னீங்களே?"

"பூசியாச்சு. காஞ்சாச்சு."

"அப்புறம்?"

"முதல் தீ மூட்ட மனசு துணியலை சாமி. என் உயிருக்குப் பயமில்லை. நான் உட்கார்ந்து எழுந்து வந்துடுவேன். அதுக்கப்புறம் என்னைக்காவது அந்தச் சுவர் விட்டுட்டா? கைக்குழந்தை இருக்கிற வீடு. நான் சரின்னு சொன்னதாலதானே அவங்க மூட்டுவாங்க?"

சாமி கோடாலியை ஓங்கிக் கட்டையைப் பிளந்தார். துண்டுகள் பக்கத்துக்கு ஒன்றாக விழுந்தன.

"நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் அவங்க என்ன பண்றாங்க?"

"யாரு?"

"அந்த வீட்டுல இருக்கிறவங்க."

"காத்துட்டு இருக்காங்க."

"எப்படி?"

"எப்படின்னா?"

"இந்தப் பனியில, கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு, எப்படிக் காத்துட்டு இருக்காங்க?"

குலசேகரன் யோசித்தார். "கேக்கலை சாமி."

சாமி கோடாலியைக் கீழே போட்டார். சட்டையைக்கூட மாட்டிக்கொள்ளவில்லை. தோளில் கிடந்த கம்பளியோடு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

எந்த வேலைக்கும் சாமி அவசரப்பட்டுக் குலசேகரன் பார்த்ததில்லை. அன்றைக்கு இறக்கத்தில் அவருக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. மூச்சு வாங்கியது. என்ன, ஏது என்று கேட்கவும் பயமாக இருந்தது.

பங்களா வந்ததும் குலசேகரன் பழக்கதோஷத்தில் பின்பக்கம் சுற்றிக்கொண்டு போய் ஏணியைச் சாத்தினார். கூரைமேல் ஏறினார். தகரம் வைத்தபடியே இருந்தது. மேலே வைத்த கல்லும் நகரவில்லை. குனிந்து நான்கு ஓரத்தையும் தடவிப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

சாமி வாசலில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா." தட்டும் சத்தம். "அம்மா, கதவைத் திறங்க."

யாரும் திறக்கவில்லை. சாமி மறுபடியும் தட்டினார். அப்புறம் கையால் தட்டுவது போய்த் தோளால் மோதுகிற சத்தம் கேட்டது.

குலசேகரன் தகரத்தின் பக்கத்தில் மண்டியிட்டபடியே இருந்தார். கீழே கண்ணாடி உடையும் சத்தம் வந்தது.

"குலசேகரன், இறங்குங்க."

அவர் எப்படி இறங்கினார் என்று பிறகு அவருக்கே ஞாபகம் இல்லை. சாமி கதவை ஒட்டிய ஜன்னல் கண்ணாடியை உடைத்து, உள்ளே கையைவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்திருந்தார். கையில் ரத்தம் வழிந்தது. கதவு திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று வந்து முகத்தில் பட்டது. அதில் புகை கொஞ்சமும் இல்லை.

அறை நடுவில் ஒரு குமுட்டி அடுப்பு இருந்தது. அதில் அடுப்புக்கரி சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் பாய்மேல் யோகராணி ஒருக்களித்துக் கிடந்தாள். கதவுப் பக்கமாக ஒரு கை நீட்டியிருந்தது. எழுந்து வரப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை.

சாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். குழந்தையை வாரி எடுத்து வந்து குலசேகரன் கையில் போட்டார்.

"காத்து படற மாதிரி வெச்சுக்கங்க."

சத்தம் கேட்டு ஃபாரூக் ஓடிவந்தான். அவனும் சாமியுமாக யோகராணியைத் தூக்கி வந்து வாசலில் படுக்கவைத்தார்கள். அவள் கண்ணைத் திறந்தாள், வாந்தி எடுத்தாள், பிள்ளை பிள்ளை என்று முனகினாள்.

பிள்ளை அழவில்லை. குலசேகரன் அதைப் பனிக்காற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். கன்னம் சிவந்து, நன்றாகத் தூங்குகிற பிள்ளை போலத்தான் இருந்தது. அவர் நிமிர்த்திப் பிடித்ததில் அதன் தலை ஆடியது. அத்தனை நாள் கண்ணை மூடினால் தெரிந்த காட்சி இப்போது கண்ணைத் திறந்தபடி இருக்கும்போதே கையில் கிடந்தது.

"பாப்பா," என்றார். "பாப்பா, பாப்பா."

சாமி குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். இன்னொரு தடவை சுண்டினார். முதுகைத் தேய்த்தார். குழந்தையின் வாய் கோணியது. ஒரு சின்னச் சிணுங்கல் வந்தது. அப்புறம் நின்றுபோனது. அப்புறம் மறுபடி வந்தது.

ஃபாரூக் ஆட்டோவை எடுத்துவிட்டான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை குலசேகரன் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு "பாப்பா, பாப்பா" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார்.

அங்கே இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். குழந்தை ஆஸ்பத்திரியே அதிரும்படி அழுத பிறகுதான் டாக்டரின் முகம் இளகியது.

"கரி அடுப்பை மூடின ரூமுக்குள்ள வெச்சிருக்காங்க. புகை வராட்டியும் அதுல விஷவாயு வரும்," என்றார் டாக்டர். "ரெண்டு பேரும் தப்பிச்சுட்டாங்க. சாயந்தரம் வரைக்கும் இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் நேரம் போயிருந்தா ஒண்ணும் சொல்றதுக்கில்லை."

குலசேகரன் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். யோகராணி அவரைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். தப்புச் செய்துவிட்ட மாதிரி பேசினாள்.

"நீங்க சொன்ன அடுப்பை நான் தொடவே இல்லீங்கய்யா. புகைதான் ஆகாதுன்னு சொன்னீங்க. அதான் புகையே வராத கரியாப் பாத்து வாங்கினேன்."



சிவநேசன் பேக்கரியிலிருந்து ஓடிவந்தான். கையெல்லாம் மைதா மாவு. குழந்தையைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், பிறகு நேராகக் குலசேகரனிடம் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க வரலேன்னா என் குடும்பமே இல்லீங்கய்யா. நீங்க அடைச்சுக் கொடுத்ததுல ஒண்ணைக்கூட நாங்க பிரிக்கலை. அப்படியும் இப்படி ஆயிடுச்சு."

அவன் ஓங்கி ஓர் அறை கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று குலசேகரன் நினைத்தார். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

சாமியின் கைக்கும் அங்கேயே கட்டுப் போட்டார்கள். வெளியே வந்ததும் அவர், "சாயந்தரம் அவங்க வீட்டுக்கு வந்துடுவாங்க. ரூம் குளிரா இருக்கும்," என்றார்.

இருவரும் பங்களாவுக்குத் திரும்பி நடந்தார்கள்.

குலசேகரன் கூரைமேல் ஏறித் தகரத்தை எடுத்துக் கீழே வீசினார். கணப்படுப்பின் வாயிலிருந்த பலகையையும் சாக்கையும் பிடுங்கினார். குமுட்டியைச் சாமி ஏற்கெனவே வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தார். உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக ஃபாரூக் ஒரு தகரத்தை அடித்துக் கொடுத்தான்.

"நீ வெளியே இருப்பா," என்றார் குலசேகரன் அவனிடம். பிறகு சாமியைப் பார்த்தார். "நீங்களும் வெளியே இருங்க சாமி. நான் மூட்டறேன்."

"நானும் இருக்கேனே."

"முதல் தீக்கு ஒருத்தர்தானே?"

"குளிருது," என்றார் சாமி. உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

குலசேகரன் சுள்ளியை அடுக்கி அதன்மேல் சீகை விறகை வைத்தார். தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது. அடுத்த குச்சியில் சுள்ளி பற்றியது. நாட்கணக்கில் மூடிக் கிடந்த புகைபோக்கி சில்லிட்டுப் போயிருந்தது. முதல் புகை மேலே ஏறாமல் புரண்டு அறைக்குள் வந்தது. அவர் கண் கதவுக்குப் போனது. சாமி அசையவில்லை. குலசேகரன் ஒரு பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, கையை உள்ளே நீட்டிப் புகைபோக்கிக்குள் உயர்த்திப் பிடித்தார். கை மயிர் பொசுங்கியது. பிடித்துக்கொண்டே இருந்தார். மெல்ல, ஒரு பெருமூச்சு விடுகிற மாதிரிச் சத்தத்தோடு, புகை திரும்பி மேலே ஏற ஆரம்பித்தது.

அவர் தரையில் உட்கார்ந்தார். தீ நன்றாகப் பிடித்துக்கொண்டது. பூசிய சுவரை நிமிர்ந்து பார்த்தார். சூடு ஏற ஏற உள்ளே எங்கேயோ சடக்கென்று ஒரு சத்தம். அவர் உடம்பு தூக்கிப்போட்டது.

"விறகு வெடிக்குது," என்றார் சாமி.

ஃபாரூக் வீட்டுப் பக்கமிருந்து குரல் வந்தது. "இங்க ஒண்ணும் வரலீங்க சார்."

அறை சூடாகிக்கொண்டு வந்தது. பாயில் குழந்தையின் துணி ஒன்று கிடந்தது. குலசேகரன் அதை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"சாமி, காலையில கேட்டேனே. நீங்க பதிலே சொல்லலை."

"என்ன கேட்டீங்க?"

"பயத்தை எப்படி விடறதுன்னு."

"இன்னும் இருக்கா?"

"இருக்கு. முன்னைவிட அதிகமா இருக்கு." "இத்தனை நாளா எனக்கு வேற நினைப்பே இல்லை சாமி. சாப்பிட உட்கார்ந்தா அந்தக் குழந்தை. கண்ணை மூடினா அந்தக் குழந்தை. ஒரு பெத்த அப்பன்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டான். எனக்காகவா பயந்தேன்? அந்தக் குழந்தைக்காகத்தானே இவ்வளவும்?"

சாமி ஒரு விறகைத் தீக்குள் தள்ளிவைத்தார்.

"அந்தக் குழந்தைக்கு என்ன பேரு?"

குலசேகரன் சொல்ல வாயைத் திறந்தார். அவர் ஏணியோடு வந்து போகும்போதெல்லாம் யோகராணி அவர் எதிரிலேயே கூப்பிட்டுக் கொஞ்சிய பெயர்தான். கையிலிருந்த துணியைப் பார்த்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.